கடவுச்சொல் சரி, திரை மட்டும் வரவில்லை: வால்டோர்ஃப் கெடுவும் மினிமல் லினக்ஸும்

வால்டோர்ஃபில் தலைமையகம் வைத்திருக்கும் எஸ்ஏபி நிறுவனம் விதித்த கெடு 2027 டிசம்பர் இறுதி. அதன் இசிசி வணிக மென்பொருளின் பிந்தைய பதிப்புகளுக்குக்கூட அன்றோடு வழக்கமான பராமரிப்பு நின்றுவிடும். அடுத்தது எஸ்/4ஹானா. அதன் அடியில் இருக்கும் ஹானா தரவுத்தளம் லினக்ஸில் மட்டுமே ஓடும். அதிலும் சூசே, ரெட் ஹாட் என இரண்டே வாசல். இத்தனை காலம் விண்டோஸ் சர்வரில் பேஸிஸ், அதாவது எஸ்ஏபி அமைப்பு நிர்வாக, வேலை பார்த்துவந்தவர்கள் இப்போது பழைய லேப்டாப்பில் மினிமல் லினக்ஸ் போட்டு, அதன்மேல் எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்பை ஏற்றிப் பழகிப்பார்க்கிறார்கள். வந்த கடிதங்களில் திரும்பத் திரும்ப ஒரே புலம்பல்: கடவுச்சொல்லைச் சரியாகத்தான் அடிக்கிறேன், திரை ஒரு கணம் கறுத்து, மறுபடியும் கடவுச்சொல்லையே கேட்கிறது.

மினிமல் என்றால் பாதுகாப்புக்காகவும் வேகத்துக்காகவும் குறைத்தது என்பார்கள் விற்பவர்கள். நடைமுறையில், எது விட்டுப்போனது என்று தேடும் பொறுப்பை வாங்கியவர் தலையில் கட்டியது என்றும் அதைச் சொல்லலாம்.

உங்கள் கடவுச்சொல்லை லினக்ஸ் ஏற்றுக்கொண்டுவிட்டது. தவறு என்றால் 'தவறு' என்றே சொல்லியிருக்கும். தடுப்பது அடுத்த வாசல். திரையை ஆளும் எக்ஸ் சர்வர், ஒவ்வொரு அமர்வுக்கும் 128 பிட் நீளத்தில் ஒரு ரகசிய எண்ணை வைத்துக்கொள்கிறது. எக்ஸ், எம்ஐடியில் 1984இல் பிறந்த அமைப்பு என்பதால் அந்த எண்ணுக்கு 'எம்ஐடி மேஜிக் குக்கி' என்று பெயர். கோயில் வாசலில் செருப்புக்குத் தரும் டோக்கன் மாதிரிதான்: ஆள் யார் என்று பார்ப்பதில்லை, டோக்கன் இருக்கிறதா என்றுதான் பார்க்கும். அந்த எண், உங்கள் ஹோம் அடைவில் '.எக்ஸ்அத்தாரிட்டி' என்ற மறைகோப்பில் இருக்கிறது. எப்போதோ அவசரத்தில் சுடோ போட்டு ஒரு வரைகலைச் செயலியை இயக்கியிருந்தால், சில அமைப்புகளில் அந்தக் கோப்பு ரூட் எனும் நிர்வாகியின் பெயருக்கு மாறிவிடும். பிறகு உங்கள் பெயரில் தொடங்கும் அமர்வால் அதைத் தொட முடியாது. அமர்வு செத்து, உள்நுழைவுத் திரை திரும்ப வருகிறது. வட்டு நிரம்பி, கோப்பை எழுத இடமில்லாமல் போனாலும் இதே கதிதான்.

கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுத்து முனையம் வரும். அங்கே உள்நுழைந்து முதலில் வட்டில் இடம் இருக்கிறதா பாருங்கள். அடுத்து அந்தக் கோப்பு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். ரூட் பெயரில் இருந்தால் அழித்துவிடலாம், அடுத்த உள்நுழைவில் புதிதாக உருவாகும்.

இதே டோக்கன்தான் சர்வர் அறையிலும் ஆட்டம் காட்டுகிறது. தொலைவில் உள்ள லினக்ஸில் எஸ்எஸ்ஹெச் வழியாக ஒரு சாளரத்தைத் திறக்கும்போது, உங்கள் லேப்டாப் தன் உண்மையான எண்ணை அனுப்புவதே இல்லை. போலி எண் ஒன்றை உருவாக்கி அனுப்பும். அங்கிருந்து செயலி அந்தப் போலியோடு திரும்பிவரும்போது, எஸ்எஸ்ஹெச் அதைச் சரிபார்த்து, உண்மையானதை வைத்து உள்ளே விடும். உண்மை எண் வீட்டைவிட்டு வெளியே போகாத இந்த ஏற்பாட்டை யோசித்தவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

சிக்கல் எங்கே வருகிறது? உள்நுழைந்தது உங்கள் பெயரில்; போலி எண் இருப்பதும் உங்கள் ஹோம் அடைவில். 'எஸ்யு' போட்டு எஸ்ஏபி நிர்வாகப் பயனராக மாறியதும் அந்த எண் கையில் இல்லை. 'டிஸ்ப்ளே திறக்க முடியவில்லை' என்று வருகிறது. உடனே பக்கத்து இருக்கைக்காரர் சொல்லும் வைத்தியம் 'எக்ஸ்ஹோஸ்ட் பிளஸ்'. லேப்டாப்பின் எக்ஸ் சர்வரில் கேட்போர் எவருக்கும் கதவைத் திறந்துவிடும் கட்டளை அது. உள்ளே வந்தவர் உங்கள் திரையைப் படம் பிடிக்கலாம், நீங்கள் தட்டும் ஒவ்வொரு விசையையும் படிக்கலாம். இதில் வேடிக்கை, அதனால் காரியமும் ஆகாது: போலி எண் இல்லாமல் வரும் இணைப்பை எஸ்எஸ்ஹெச்சே திருப்பியனுப்பிவிடும். கதவு திறந்ததுதான் மிச்சம். எக்ஸ்ஆத் கட்டளையால் எண்ணைப் பட்டியலிட்டு, புதிய பயனரிடம் சேர்ப்பதே சரியான வழி. ஆனால் மினிமல் நிறுவலில் அந்த எக்ஸ்ஆத்தே இல்லாமல் போகலாம். முதலில் அதை நிறுவுங்கள்.

மற்ற கேள்விகள், சுருக்கமாக.

எழுத்து முனையம் மட்டுமே வருகிறதா? இயல்புநிலை இலக்கு 'கிராஃபிகல் டார்கெட்' ஆக இருக்கிறதா என்று சிஸ்டம்சிடிஎல்லில் பாருங்கள்.

தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிகிறதா? லோஹித் தமிழ் அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை நிறுவினால் போதும்.

எஸ்ஏபியை நிறுவவே டெஸ்க்டாப் வேண்டுமா? வேண்டாம், இப்போதைய நிறுவல் கருவி 4237ஆம் போர்ட் வழியாக உங்கள் பிரவுசரிலேயே திறக்கும்.

எக்ஸுக்கு மாற்றான வேலண்டுக்கு மாறினால் தப்பிக்கலாமா? 2025இல் வந்த ரெட் ஹாட் 10, எக்ஸ்ஆர்க் சர்வரையே கைவிட்டுவிட்டது; பழைய செயலிகளுக்காக எக்ஸ்வேலண்ட் மட்டும் உண்டு.

இசிசி பராமரிப்புக்கு 2030 வரை நீட்டிப்பு இருக்கிறதாமே? இருக்கிறது, பராமரிப்புக் கட்டணத்தின் மேல் கூடுதலாக 2 சதவீதப் புள்ளி கொடுப்பவர்களுக்கு.