காலி சாக்கெட்டில் தொடங்கிய கதை

1981-ல் ஐபிஎம் வெளியிட்ட பெர்சனல் கம்ப்யூட்டரின் மதர்போர்டில், இன்டெல் 8088 ப்ராசஸருக்குத் துணையாக இன்னொரு சாக்கெட்டும் இருந்தது. காலி சாக்கெட். தசமப் புள்ளிக் கணக்குகளை விரைவாகப் போட நினைத்தவர்கள், 8087 என்ற கணிதச் சிப்பைத் தனியாக வாங்கி அதில் பொருத்திக்கொண்டார்கள். வாங்காதவர்களுக்கும் கணக்கு நடந்தது; மென்பொருள் வழியாக, ஆமை வேகத்தில்.

கணிதத்தில் கெட்டிக்காரச் சிப்பைச் செய்துவிடலாம். அதை ஏற்கெனவே இருக்கும் ப்ராசஸரோடு எப்படி இணைப்பது? இன்டெல் கண்ட வழி சுவாரஸ்யமானது. இரண்டு சிப்களும் ஒரே கட்டளை வரிசையைக் கவனித்துக்கொண்டிருக்கும். கணிதச் சிப்புக்கான ‘எஸ்கேப்’ வகைக் கட்டளை வந்தால், எண் நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்பதை முதன்மைச் சிப் கண்டுபிடித்துத் தரும். எண்ணை எடுத்துக் கணக்குப் போடுவது 8087-ன் பொறுப்பு. அதுவரை முதன்மைச் சிப் வேறு வேலை பார்க்கலாம். விடை தேவைப்படும் இடத்தில் ‘வெயிட்’ கட்டளை அதை நிறுத்திவைக்கும்.

1989-ல் வந்த 80486, கணிதப் பிரிவைத் தன்னுள்ளேயே இழுத்துக்கொண்டது. சுமார் 12 லட்சம் டிரான்சிஸ்டர்கள் கொண்ட அந்தச் சிப்பில், எண்கள் ஒரு சிப்பிலிருந்து இன்னொன்றுக்குப் பயணம் செய்யும் தாமதம் ஒழிந்தது.

குறிப்பிட்ட வேலைக்கென்றே துணைப் பிரிவு வைக்கும் பாணி இன்று மீண்டும் சூடுபிடித்திருப்பதற்குக் காரணம் வெப்பம். 2000-களின் நடுப்பகுதி வரை, டிரான்சிஸ்டர் சிறிதானால் மின்செலவு கூடாமலே வேகம் கூடியது. அந்த வசதி பிறகு தீர்ந்துபோனது. சிப்பில் இடம் உண்டு. ஆனால் எல்லா டிரான்சிஸ்டர்களையும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் ஓட்டினால் சூடு தாங்காது. அதனால்தான் ஒரே வேலையைக் குறைந்த மின்சாரத்தில் முடிக்கும் ஆக்சிலரேட்டர்கள்.

இவற்றை இணைக்க இரண்டு பாதைகள் உள்ளன. ரகசியக் குறியாக்கத்துக்காக இன்டெல் 2010-ல் சேர்த்த ஏஇஎஸ் கட்டளைகள் ப்ராசஸரின் வழக்கமான கட்டளைகளோடு கலந்தே ஓடுகின்றன. ஆப்பிள் 2017-ல் ஏ11 சிப்பில் வைத்த நியூரல் எஞ்சின், அதே சிப்பில் தனிப் பிரிவாக இயங்குகிறது. சின்னச் சின்ன வேலைகளைத் தனிப் பிரிவுக்கு அனுப்புவது, பக்கத்துத் தெருவுக்குப் போக ரயிலேறுவதைப் போன்றது. மொத்தமாகக் குவிந்த வேலைக்கே அந்தப் பயணம் கட்டுப்படியாகும்.

புதுக் கட்டளை சேர்க்கும் உரிமை முன்பு பெரும்பாலும் சிப் நிறுவனங்களின் கையில் இருந்தது. 2010-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவ் என்ற கட்டளைத் தொகுப்பு, யார் வேண்டுமானாலும் சொந்தக் கட்டளைகளைச் சேர்க்க இடம் ஒதுக்கிவைத்திருக்கிறது. ஐஐடி மெட்ராஸின் ‘சக்தி’ ப்ராசஸர்கள் இந்த அடித்தளத்தில் உருவானவையே.

ஆனாலும் கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967-ல் முன்வைத்த வாதத்திலிருந்து யாரும் தப்ப முடியாது. ஒரு நிரலின் பாதி நேரம் மட்டுமே ஆக்சிலரேட்டருக்கு ஏற்ற வேலையில் செலவாகிறது என்றால், அந்த ஆக்சிலரேட்டர் எவ்வளவு வேகமாக இருந்தாலும் மொத்த வேகம் இரண்டு மடங்கைத் தாண்டாது. “நூறு மடங்கு வேகம்” என்று விளம்பரம் வந்தால், நம் வேலையில் எத்தனை பங்கு அதற்குள் போகிறது என்று முதலில் கேட்க வேண்டும்.