மழைமானிகளுக்கு இடைப்பட்ட மழை

கார்ப்பருவத்தைப் பாடிய சங்கப் புலவர் மாசாத்தியாரின் பெயரோடு சேர்த்து நினைக்கப்படும் ஒக்கூரில், கண்மாய் நிறைவது நீர்ப்பிடிப்புப் பரப்பு முழுவதும் பெய்த மழையால்தான். மழைமானியோ ஒரு சாணுக்கும் குறைந்த அகலமுள்ள தன் வாய்க்குள் விழுந்த நீரை மட்டுமே அளந்து சொல்கிறது. அளந்த இடங்களைக் கொண்டு அளக்காத இடங்களின் மதிப்பைக் கணிப்பதற்கு இடைக்கணிப்பு என்று பெயர்.

இந்திய வானிலை ஆய்வுத் துறை 6,955 மழைமானிகளின் பதிவுகளிலிருந்து 1901 முதல் 2010 வரையிலான அன்றாட மழையை, நாடு முழுவதற்கும் கால் பாகை இடைவெளியுள்ள கட்டங்களாகக் கணித்து 2014-இல் வெளியிட்டது. அதற்குக் கையாண்டது டொனால்டு ஷெப்பர்டு 1968-இல் வகுத்த முறை. அருகிலுள்ள மானியின் சொல்லுக்கு அதிக மதிப்பும் தொலைவிலுள்ளதற்குக் குறைந்த மதிப்பும் தருவதே அதன் அடிப்படை. ஒக்கூரைச் சுற்றி வெவ்வேறு திசைகளில் 10, 20, 20 கி.மீ. தொலைவில் மூன்று மானிகள் முறையே 60, 30, 0 மி.மீ. காட்டுவதாகக் கொண்டால், தொலைவின் வர்க்கத்துக்குத் தலைகீழாக எடை தரும்போது அவற்றின் எடைகள் 4, 1, 1 ஆகின்றன. எனவே 240, 30, 0 ஆகியவற்றைக் கூட்டி 6-ஆல் வகுக்க, ஒக்கூருக்கு 45 மி.மீ. கிடைக்கிறது. ஒரே திசையில் இரண்டு மானிகள் இருந்தால், முன்னதன் மறைவில் நிற்கும் பின்னதன் எடையைக் குறைத்துவிடும் நுட்பமும் இம்முறையில் உண்டு; இதன் அழகே அதுதான்.

பார்ன்ஸ் என்பவர் 1964-இல் தந்த இன்னொரு முறையில், தொலைவு கூடக்கூட எடை மணி வடிவ வளைகோட்டில் இறங்குகிறது; முதல் கணிப்பு ஒவ்வொரு மானியிலும் எவ்வளவு பிசகியது என்று பார்த்து, அந்தப் பிசகையே மீண்டும் பரப்பித் திருத்துவது இரண்டாம் சுற்று. வளைகோடு மிக அகன்றால் தூறலும் கொட்டும் மழையும் கலந்து ஒன்றாகிவிடும். மிகக் குறுகினால் வரைபடத்தில் ஒவ்வொரு மானியும் தன்னைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுக்கொள்ளும்.

எடையிட்ட சராசரி எதுவும் அளந்தவற்றுள் மிகப் பெரியதைத் தாண்டாது என்பதால், மானிகளுக்கு நடுவே கொட்டித் தீர்த்த 100 மி.மீ. மழையை மேற்கண்ட ஒக்கூர்க் கணக்கு ஒருபோதும் காணாது. ஐப்பசியில் காற்றழுத்தத் தாழ்வு கொண்டுவரும் அடைமழை பல ஊர்களில் ஒருசேரப் பெய்வதால் கணிப்பு பெரும்பாலும் பொருந்துகிறது. ஓர் ஊரில் கொட்டி அடுத்த ஊரை நனைக்காமல் போகும் கோடை இடிமழையைக் கண்மாய்க்கரையிலேயே ஒரு மானி இருந்தால்தான் பிடிக்க முடியும்.