பருப்பும் தேத்தண்ணியும்

திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த கிண்ணியா, மூதூர் வீடுகளில் மீன் கிடைக்காத நாளைக்குச் சட்டியில் கொதிப்பது மைசூர்ப் பருப்புத்தான். பெயரில்தான் மைசூர்; வந்திறங்குவது பெரும்பாலும் கனடாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும். 2022 நெருக்கடியில் அது விலையேறியதை யார் மறந்தார்கள்? மூஸா நபியின் சமூகத்தார் கேட்ட உணவுகளில் (அல்குர்ஆன் 2:61) 'அதஸ்' என்று வருவதும் இந்த இனப் பருப்பே.

100 கிராம் உலர்ந்த பருப்பில் ஏறக்குறைய 24 கிராம் புரதம் உண்டு. அரிசியில் குறைவான லைசின் என்னும் அமினோ அமிலம் பருப்பில் தாராளம். பருப்பில் குறைவான மெதியோனினை அரிசி ஈடுசெய்கிறது. சோறும் பருப்பும் சேர்ந்தால்தான் நிறைவு.

இறைச்சிக்கு ஈடு என்று பேசுகிறோம். புரதத்தில் ஓரளவு சரி, இரும்புச்சத்தில் அப்படியல்ல. பருப்பில் இரும்பு இருக்கிறது, ஆனால் தாவர இரும்பை உடல் லேசில் எடுக்காது. நம்மவர்களோ சோறு தின்ற கை காயுமுன் சாயத் தேத்தண்ணி குடிக்கிறார்கள். சாயத்தின் துவர்ப்புப் பொருள் அந்த இரும்பைப் பிடித்துக்கொண்டு குடலில் உறிஞ்சவிடாது. கர்ப்பிணிக்கும் வளரும் குமர்ப்பிள்ளைக்கும் இது சின்ன விசயமல்ல. இரத்தச்சோகைக்கு இதுவும் ஒரு வழி.

தேத்தண்ணியை ஒரு மணித்தியாலமாவது தள்ளி வையுங்கள். பருப்புக்குத் தேசிக்காய்ப் புளி விடுவது நல்லது, அதிலுள்ள விற்றமின் சி இரும்பை உடலில் சேர்க்கும். சட்டியை இறக்கி, சூடு தணிந்தபின் விடுங்கள். கொதிக்கும்போது விட்டால் அந்தச் சத்தில் ஒரு பகுதி வீணாகிவிடும்.