தாய்ப்பாலும் தகர டப்பாவும்

சென்ற மாதம் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் ஆண் குழந்தை பிறந்தது. பிரசவித்த பெண் என்னிடம் படித்தவள். ஆகவே மூன்றாம் நாள் பார்க்கச் சென்றேன். என்னைக் கண்டதும் அவள் கண்களில் நீர் ததும்பிற்று. "டீச்சர், எனக்குப் பால் இல்லையாம்!" என்றாள். கட்டிலுக்கருகே கிண்ணத்தில் சர்க்கரை ஜலம். அலமாரியில் அன்று காலை வாங்கி வந்த பால் மாவு டப்பா. முதல் நாள் சுரந்த மஞ்சள் நிறப் பாலைக் 'கெட்ட பால்' என்று பீய்ச்சிக் கொட்டிவிட்டார்களாம்.

கொட்டியது பொன் என்பதை அவ்வீட்டில் யாரும் அறியவில்லை. அந்தச் சீம்பாலில் நோயைத் தடுக்கும் சத்துக்கள் செறிந்திருக்கின்றன. அளவு சொற்பமாயிற்றே என்ற கவலை வேண்டாம். பிறந்த அன்று சிசுவின் இரைப்பை மிகச் சிறியதாகவே இருக்கும்.

குழந்தை எவ்வளவு சப்புகிறதோ, அவ்வளவு பால் சுரக்கும். டப்பாப் பாலால் வயிறு நிரம்பிய குழந்தை மார்பை நாடாது. நாடாத மார்பில் சுரப்புக் குறையும். குறைந்ததும் மற்றொரு டப்பா வரும். இவ்விதமாக, இல்லாத குறை மெய்க் குறையாகிவிடுகிறது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தொடங்கி, இரவும் பகலும் கேட்டபோதெல்லாம் கொடுக்க வேண்டும். காம்பை மட்டுமன்றி, அதைச் சுற்றியுள்ள கருவட்டத்தையும் குழந்தையின் வாய் கவ்வ வேண்டும். முதல் வாரத்துக்குப் பின் நாளொன்றுக்கு ஆறு தடவையேனும் சிறுநீர் கழித்து, எடையும் ஏறி வந்தால் பால் போதுகிறது என்று அறியலாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் ஒன்றே ஆகாரம். சித்திரை வெயிலிலும் தண்ணீர் வேண்டுவதில்லை. அதன்பின் மற்ற ஆகாரத்துடன் இரண்டு வயது வரையிலும், அதற்கு மேலும் கொடுக்கலாம்.

டப்பாவின் சரித்திரத்தையும் நம் பெண்கள் அறிவது நலம். 1939-இல் சிங்கப்பூரில் டாக்டர் ஸிஸிலி வில்லியம்ஸ் என்ற மாதரசி, 'பாலும் கொலையும்' என்ற தலைப்பில் ரோட்டரி சங்கத்தார் முன் பிரசங்கம் செய்தார். தவறான பிரசாரத்தால் சிசுக்கள் மடிவதைக் கொலையென்றே கருத வேண்டும் என்றார். 42 ஆண்டுகள் சென்ற பின், 1981-இல்தான் உலக சுகாதார சபை இவ்வியாபாரத்துக்கு விதிகள் வகுத்தது. நம் தேசமோ 1992-இல் சட்டமே இயற்றி, 2003-இல் அதை மேலும் கடுமையாக்கியது. அதன்படி பால் மாவுக்கும் புட்டிக்கும் விளம்பரம் கூடாது. இலவச மாதிரி கூடாது. மாவு டப்பாவின் மீது தாய், சேய் படமும் கூடாது.

சில தாய்மாருக்கு மெய்யாகவே பால் கொடுக்க இயலாமற் போவதுண்டு. அது அவர்கள் குற்றமன்று. குறைமாதச் சிசுக்களுக்கெனத் தாய்ப்பால் வங்கிகள் இருக்கின்றன. 1989-இல் பம்பாய் ஸயான் ஆஸ்பத்திரியில் அத்தகைய வங்கி ஒன்று தொடங்கியது. டாக்டரின் யோசனைப்படி மாவுப் பால் கொடுக்க நேர்ந்தால், கொதிக்க வைத்த நீரில் குறித்த அளவுப்படியே கலந்து, புட்டியை விலக்கிச் சுத்தமான பாலாடையால் புகட்டுங்கள்.

வேறு சில பழக்கங்களையும் விட்டொழிக்க வேண்டும். குழந்தையின் மூக்கில் எண்ணெய் விட்டால் அது நுரையீரலுக்குள் இறங்கித் தீங்கு செய்யும். ஒரு வயது வரை தேன் ஆகாது. குழந்தையை மல்லாந்தே தூங்க வைக்க வேண்டும். மெத்தென்ற தலையணைகள் அருகில் வேண்டாம். பால் குடிக்க மறுத்தாலோ, ஜ்வரம் கண்டாலோ, மூச்சு விரைந்தாலோ கைவைத்தியம் பார்த்துக் காலம் கடத்தாமல் ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்.

இவற்றைப் பாட்டியம்மாளிடம் மெதுவாக எடுத்துச் சொன்னேன். முதலில் முகம் சுளித்தார். பிறகு தாமே பேத்தியின் முதுகுக்குத் தலையணை கொடுத்து, குழந்தையை எடுத்து மார்போடு சேர்த்தார். சுகாதாரச் செவிலியர் இருமுறை வந்து, பிடிக்கும் விதத்தைக் காட்டிச் சென்றார். ஒரு வாரத்தில், திறக்காத டப்பா கடைக்கே திரும்பிற்று.

பிள்ளை பெற்றவளைப் பார்க்கச் செல்லும் சகோதரிகளே! "பால் போதுமா?" என்று கேட்டு அவள் மனத்தைக் கலக்காதீர்கள். "நீ சாப்பிட்டாயா? தூங்கினாயா?" என்று கேளுங்கள். அதுவே தாய்க்கும் சேய்க்கும் நீங்கள் செய்யும் முதல் உதவி.