வாவிக் கரையில் தாயும் பிள்ளைகளும்

"கணவரைப் பறிகொடுத்தவளுக்கு உல்லாசப் பயணம் ஒரு கேடா?" என்று ஊர் பேசும். இதற்கு அஞ்சியே பிள்ளைகளை எங்கும் அழைத்துச் செல்லாத தாய்மார் பலரை என் பணியில் சந்தித்திருக்கிறேன். யுத்தம் 2009இல் முடிந்தது. அவர்களது வீட்டுக்குள் அடைந்த வாழ்வு முடியவில்லை.

அத்தகைய சகோதரிகள் சிலருடனும் அவர்களது பிள்ளைகளுடனும் நுவரெலியா கிரகரி வாவிக்குச் சென்றேன். கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேல் உள்ள இவ்வாவி இயற்கையானதல்ல. ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில், 1873இல், ஓடையை மறித்து அமைக்கப்பட்டது.

படகில் ஏறத் தயங்கிக் கரையிலேயே நின்றாள் ஒரு தாய். "நீங்களும் வாங்கோ அம்மா, நான் பிடிக்கிறன்" என்று மகன் கைநீட்டினான். ஏறினாள். "நான் சிரிச்சதைப் பிள்ளை இண்டைக்குத்தான் பாத்தவன்" என்று பின்னர் என்னிடம் சொன்னாள்.

நீங்களும் செல்ல விரும்பினால் சிலவற்றைக் கவனியுங்கள். ஏப்ரல் மாதத்தில் சனக்கூட்டமும் அறை வாடகையும் அதிகம், அதைத் தவிருங்கள். பிள்ளைகளுக்குக் குளிருடுப்பு அவசியம். உயிர்காப்பு அங்கி அணியாமல் படகில் ஏற்றாதீர்கள். படகுக்கும் குதிரைச் சவாரிக்கும் கட்டணத்தை முன்பே கேட்டறியுங்கள். கட்டுச்சோறு கொண்டு சென்றால் செலவு குறையும். நாலைந்து குடும்பங்கள் மாதாமாதம் சிறிது சேமித்தால் வாகனக் கூலியைப் பகிர்ந்துகொள்ளலாம்.

சகோதரிகளே, பிள்ளைகளோடு சிரிப்பது இறந்தவரை மறப்பதாகாது. அவர் இருந்திருந்தால், அவரும் பிள்ளைகளை அழைத்துச் சென்றிருப்பார் அல்லவா?