ஹைதர் செதுக்கிய மிஹ்ராப்

எங்கள் வாப்பா மேசன். சீலிங் ஓரங்களுக்கு ஜிப்சம் குழைக்கும்போது அவர் யாருடனும் பேசமாட்டார். "கதைச்சு நின்டா இறுகிப் போயிரும் மகள்" என்பார். அப்படியானால், இஸ்பஹான் ஜும்ஆப் பள்ளிவாசலின் ஜிப்சம் மிஹ்ராபை அவ்வளவு நுணுக்கமாக எப்படிச் செதுக்கினார்கள்? இக்கேள்விதான் என்னைத் தேட வைத்தது.

ஜிப்சம் இறுகத் தொடங்கும் நேரத்தில் விடாமல் கலக்கிக்கொண்டே இருந்தால் அதன் வேகம் அடங்கிவிடும். பாரசீகர் இதைக் 'கொல்லப்பட்ட ஜிப்சம்' என்றனர். அதைச் சுவரில் பூசி, ஈரம் காயுமுன் கத்தியால் வெட்டினர். ஜிப்சம் ஏறக்குறைய 150 பாகைச் சூட்டிலேயே வெந்துவிடும். சுண்ணாம்புக்கோ 800 பாகைக்கு மேல் வேண்டும். விறகு அரிதான நாட்டுக்கு இது பெரிய விடயம். முருகைக்கல் சுட்ட சூளைகள் எவ்வளவு விறகைத் தின்றன என்பது நம் கரையோரத்து மூத்தவர்களுக்குத் தெரியும்.

இக்கலை இஸ்லாத்துக்கு முந்தியது. சாசானியர் தம் மாளிகைச் சுவர்களை அச்சில் வார்த்த சாந்துப் பலகைகளால் அலங்கரித்தனர். ஒரே பூ திரும்பத் திரும்ப வரும். 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நாயின் பள்ளிவாசலிலும் அந்தப் பழைய திராட்சைக் கொடி உண்டு. மனித, விலங்கு உருவங்கள் போய்விட்டன. கொடி மட்டும் தூண்களிலும் வளைவுகளிலும் இடைவெளியின்றிப் படர்ந்திருக்கிறது.

இஸ்பஹான் மிஹ்ராப் ஹிஜ்ரி 710இல் (1310), மங்கோலிய மன்னர் உல்ஜைத்து காலத்தில் எழுந்தது. அதன் படத்தை முதலில் பார்த்தபோது எழுத்து எங்கே தொடங்குகிறது என்றே எனக்குப் பிடிபடவில்லை. கண் பழகிய பிறகுதான் தெரிந்தது: அடியில் மெல்லிய சுருள், அதன்மேல் பருத்த இலைகள், எல்லாவற்றுக்கும் மேலே அரபு எழுத்து. நிழல்தான் அவற்றைப் பிரித்துக் காட்டுகிறது. இவ்வளவு ஆழத்தை அச்சில் எடுப்பது கடினம், கைதான் வேண்டும். அந்தக் கைக்குரியவர் ஹைதர். தன் பெயரை அதிலேயே பொறித்திருக்கிறார்.

சென்ற வருடம் ஒரு பழைய பள்ளியின் சாந்து மிஹ்ராபை உடைத்து டைல் பதித்தார்கள். வாப்பாவும் அந்த வேலைக்குப் போனார். உடைந்த கொடித்துண்டு ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அதைச் செய்தவர் யாரென்று விசாரித்துப் பார்த்தோம், ஒருவருக்கும் தெரியவில்லை. துண்டு இப்போது என் மேசையில் இருக்கிறது. பெருநாள் விடுமுறையில் நான் ஜிப்சத்தைக் கலக்கிக்கொண்டே இருக்க, வாப்பா அதைப் பார்த்துச் செதுக்குவதாகச் சொல்லியிருக்கிறார்.