தட்டில் வைத்ததே அளவு

உணவகத்தில் சாப்பிடுகிறவருக்குத் தெரியாமல் அவருடைய தட்டை எடை போடுவது எளிதான வேலை இல்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைச் செய்து பார்த்தார்கள். ஓர் உணவகத்தின் மதிய மெனுவில் இருந்த பாஸ்தாவைச் சில நாட்கள் வழக்கமான அளவிலும், வேறு சில நாட்கள் ஒன்றரை மடங்காகவும் வைத்துக் கொடுத்தார்கள். விலையில் மாற்றம் இல்லை. கூட வாங்கும் மற்ற பதார்த்தங்களின் அளவும் அப்படியே இருந்தது. தட்டு மேசைக்குப் போகும் முன் ஓர் எடை, மிச்சத்தோடு திரும்பியதும் ஓர் எடை. முடிவுகள் 2004-இல் வெளியாயின. பெரிய அளவு கிடைத்தவர்கள் அந்தப் பாஸ்தாவை மட்டும் 43 சதவீதம் கூடுதலாகச் சாப்பிட்டிருந்தார்கள். அதாவது 172 கலோரி அதிகம். கூடுதலாக வைத்ததில் பெரும்பகுதி வயிற்றுக்குள் போய்விட்டது.

சாப்பிட்டு முடித்தவர்களிடம் ஒரு சிறு படிவத்தையும் நிரப்பச் சொல்லியிருந்தார்கள். அளவு பொருத்தமாக இருந்ததா என்பது அதில் ஒரு கேள்வி. இரண்டு தரப்பாரின் மதிப்பீடும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. ஒன்றரை மடங்கு சாப்பிட்டவருக்கும் அது சரியான அளவு. வழக்கமான அளவில் சாப்பிட்டவருக்கும் அது சரியான அளவு. எடைக் கணக்கைவிட இந்த பதில்தான் முக்கியம் என்று நினைக்கிறேன். "வாடிக்கையாளர்கள் நிறையக் கேட்கிறார்கள், அதனால் நிறைய வைக்கிறோம்" என்று உணவகத் தொழிலில் இருப்பவர்கள் சொல்வது வழக்கம். நமக்கு எது நிறைவு என்பதையே அவர்கள் வைக்கும் தட்டுதான் முடிவு செய்கிறது என்றால், அந்த வாதம் அடிபட்டுப் போகிறது.

இந்தத் துறையில் பார்பரா ரோல்ஸ் என்ற பெயரைத் தவிர்க்க முடியாது. மேற்சொன்ன ஆய்வும் அவருடைய குழுவினுடையதே. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2002-இல், 51 பேருக்கு மக்ரோனி சீஸைத் தனித்தனி நாட்களில் 500, 625, 750, 1000 கிராம் என்று நான்கு அளவுகளில் கொடுத்துப் பார்த்தார்கள். 500 கிராம் வைத்த நாளைவிட ஒரு கிலோ வைத்த நாளில் 30 சதவீதம் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். ஒல்லியானவர், பருமனானவர், ஆண், பெண் என்ற வேறுபாடு இதில் தெரியவில்லை. சிலருக்குத் தட்டில் வைத்தே கொடுத்தார்கள்; மற்றவர்களுக்குப் பாத்திரத்தை முன்னால் வைத்து, வேண்டியதை அவர்களே போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். அதிலும் விளைவு மாறவில்லை. பாத்திரத்தில் நிறைய இருந்தால், தன் கையால் போட்டுக்கொண்டவரும் கூடுதலாகத்தான் சாப்பிட்டார். உணவு கண்ணெதிரே வந்துவிட்ட பிறகு கட்டுப்படுத்திக்கொள்ளலாம் என்று நாம் நம்புவது பெரும்பாலும் நடப்பதில்லை.

ஏன் இப்படி? உடலில் நிறைவைச் சொல்லும் ஏற்பாடுகள் இல்லாமல் இல்லை. இரைப்பை விரியும்போது அதன் சுவரில் உள்ள நரம்பு முனைகள் வேகஸ் நரம்பு வழியாக மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. உணவு சிறுகுடலைத் தொட்டதும் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. குடலின் கீழ்ப்பகுதியிலிருந்து ஜிஎல்பி-1, பிஒய்ஒய் போன்றவை வருகின்றன. இப்போது உடல் எடையைக் குறைப்பதற்காக ஊசியாகப் போட்டுக்கொள்ளும் மருந்துகள் இந்த ஜிஎல்பி-1 போல நடிப்பவைதான். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் நேரம் தேவை. அவசர மதியச் சாப்பாட்டில், செய்தி மூளையை எட்டுவதற்குள் தட்டு காலியாகிவிடுகிறது.

நேரம் மட்டுமே காரணம் என்று முடித்துவிடவும் முடியாது. பிரிட்டனின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் ஜெஃப் பிரன்ஸ்ட்ரமும் சகாக்களும் 2012-இல் வெளியிட்ட ஒரு சோதனை இதில் பெரிய திறப்பு. மேசையில் ஒரு சூப் கிண்ணம். கிண்ணத்தின் அடியில், சாப்பிடுகிறவர் கண்ணில் படாமல் ஒரு குழாய். மறுமுனையில் ஒரு பம்ப். 100 பேர் கலந்துகொண்டார்கள். சிலர் கண்ணால் பார்த்தது 300 மில்லி சூப். ஆனால் குடிக்கக் குடிக்க அடியிலிருந்து மெல்ல நிரம்பி, உள்ளே போனது 500 மில்லி. வேறு சிலர் பார்த்தது 500. ரகசியமாக உறிஞ்சப்பட்டது போக, குடித்தது 300. மற்றவர்கள் பார்த்ததையே குடித்தார்கள். குடித்து முடித்த உடனே கேட்டபோது, பசி அடங்கிய அளவு உண்மையில் குடித்த சூப்புக்கு ஏற்றபடி இருந்தது. வயிறு பொய் சொல்லவில்லை. இரண்டு, மூன்று மணி நேரம் கழித்துக் கேட்டபோது கதை மாறிவிட்டது. அதிகச் சூப்பைப் பார்த்தவர்களுக்குப் பசி குறைவாக இருந்தது, அவர்கள் உண்மையில் எவ்வளவு குடித்திருந்தாலும் சரி. அந்த நேரத்தில் பசியை நிர்ணயித்தது வயிற்றில் இருந்த சூப்பைவிட, நினைவில் இருந்த சூப்.

பிரன்ஸ்ட்ரம் தொடர்ந்து சொல்லிவருவது இதுதான்: எவ்வளவு சாப்பிடப்போகிறோம் என்பதைப் பெரும்பாலும் முதல் கவளத்துக்கு முன்பே, பழக்கத்திலிருந்தும் நினைவிலிருந்தும் முடிவு செய்துவிடுகிறோம். வீட்டில் அந்த முடிவு நம்முடையது. உணவகத்தில் அதைச் சமையலறை எடுத்துவிடுகிறது.

எடுத்ததற்குக் காரணமும் கணக்கும் உண்டு. 1960-களில் சிகாகோ பக்கம் பாலபன் திரையரங்குகளில் வேலை பார்த்த டேவிட் வாலர்ஸ்டீன், பாப்கார்ன் விற்பனையைக் கூட்ட என்னென்னவோ செய்து பார்த்தார். ஒரு பொட்டலம் வாங்கியவர் இன்னொன்று வாங்கவே மாட்டேன் என்றார். இரண்டாவது வாங்கினால் பார்ப்பவர்கள் பேராசைக்காரன் என்று நினைப்பார்களோ என்ற கூச்சம். ஒரே பொட்டலத்தைப் பெரிதாக்கினார். அந்தக் கூச்சத்துக்கு இடமில்லாமல் போனது, விற்பனை எகிறியது. பின்னாளில் மெக்டொனால்ட்ஸ் நிறுவனத்தின் இயக்குநர் குழுவுக்கு வந்த அவர், தயங்கிய ரே கிராக்கிடம் வாதாடி, உருளைக்கிழங்கு வறுவலிலும் பெரிய பொட்டலத்தைக் கொண்டுவர வைத்தார். லிசா யங், மேரியன் நெஸ்ல் இருவரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்காவில் வெளியே விற்கும் உணவின் அளவு 1970-களில் பெருகத் தொடங்கி 1980-களில் வேகமெடுத்தது. அரசு நிர்ணயித்த ஒரு நபர் அளவைவிடக் கடைகளில் விற்ற பாஸ்தா 480 சதவீதம் அதிகமாக இருந்தது.

உணவகக்காரரின் செலவில் மூலப்பொருள் ஒரு பகுதிதான். வாடகை, சம்பளம், மின்சாரம், எரிவாயு எல்லாம் தட்டு சின்னதானாலும் பெரியதானாலும் ஏறக்குறைய ஒன்றே. அதிலும் தட்டை நிரப்புவது இறைச்சியோ காய்கறியோ இல்லை. சோறு, நூடுல்ஸ், உருளைக்கிழங்கு. இன்னொரு கரண்டி சோற்றுக்கு ஆகும் செலவு சொற்பம். அது தட்டுக்குத் தரும் தோற்றம் பெரிது. வாங்குகிறவர் மனத்திலோ கொடுத்த காசுக்கு வஞ்சகம் இல்லை என்ற திருப்தி. அடுத்த நிமிடமே இன்னொரு எண்ணமும் வந்து உட்கார்ந்துகொள்கிறது: காசு கொடுத்தாச்சு, வீணாக்கக் கூடாது. சோற்றை வீணடிக்காதே என்று வளர்க்கப்பட்ட நம் போன்றவர்களுக்கு மிச்சம் வைப்பது தப்பு செய்வதுபோல உறுத்தும். அந்த நல்ல குணத்தின் மீதுதான் பெரிய தட்டு ஏறி நிற்கிறது.

இது மனித இயல்பு, எங்கும் இப்படித்தான் என்று விட்டுவிடவும் வேண்டாம். பால் ரோசின் குழு 2003-இல் பாரிஸ், பிலடெல்பியா இரு நகரங்களிலும் ஒத்த வகை உணவகங்களின் உணவை எடை போட்டது. பாரிஸில் சராசரி 277 கிராம். பிலடெல்பியாவில் 346 கிராம். சீன உணவகங்களில் வித்தியாசம் 72 சதவீதம். குறைவாகக் கிடைத்த பாரிஸ்காரர்கள் அவசர அவசரமாகத் தின்றுவிட்டு எழவும் இல்லை. மெக்டொனால்ட்ஸில்கூடப் பிலடெல்பியாக்காரர்கள் சராசரியாக 14 நிமிடம் உட்கார, அவர்கள் 22 நிமிடம் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

நம் பக்கம் எப்படி? 2018-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஓர் ஆய்வு பிரேசில், சீனா, பின்லாந்து, கானா, இந்தியா ஆகிய ஐந்து நாடுகளின் உணவகச் சாப்பாட்டை அளந்தது. இந்தியாவிலிருந்து பெங்களூரு. மெனு அட்டையில் போட்டிருப்பதை நம்பாமல், உணவை வாங்கி வந்து ஆய்வகத்தில் கலோரிமீட்டர் கருவிக்குள் எரித்து, வெளிப்படும் வெப்பத்தைக் கணக்கிட்டார்கள். உட்கார்ந்து சாப்பிடும் உணவகங்களின் சாப்பாடுகளில் 94 சதவீதம் 600 கலோரியைத் தாண்டின. சராசரி 1,317 கலோரி. துரித உணவுக் கடைகளில் அது 809. பெரிய அளவு என்றதும் பர்கர் கடையை மட்டும் கைகாட்டுவது எவ்வளவு தவறு என்பதற்கு இந்த இரண்டு எண்கள் போதும்.

இந்தத் துறையின் பெயரால் உலவும் சில அறிவுரைகளையும் சலித்தெடுக்க வேண்டியிருக்கிறது. சின்னத் தட்டில் சாப்பிட்டால் குறைவாகச் சாப்பிடுவோம் என்று வாட்ஸ்அப்பில் அடிக்கடி வருகிறது. ரோல்ஸ் குழு 2007-இல் தட்டின் அளவை மட்டும் மாற்றிச் சோதித்தபோது, சாப்பிட்ட அளவு குறையவில்லை. தட்டுத் தந்திரங்களைப் பிரபலமாக்கியவர்களில் முக்கியமானவர் கார்னெல் பல்கலைக்கழகத்தின் பிரையன் வான்சிங்க். அவருடைய கட்டுரைகள் பல திரும்பப் பெறப்பட்டன. 2018-இல் பல்கலைக்கழகமே அவர் ஆய்வு முறைகேடு செய்ததாக அறிவித்தது. அதனால் மொத்தத் துறையும் பொய்யாகிவிடாது. உணவின் அளவு கூடினால் சாப்பிடுவது கூடும் என்பதை அவரைச் சாராத பல ஆய்வுக்கூடங்கள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கின்றன. தட்டின் விட்டத்தைப் பற்றிய கவலையை விட்டுவிட்டு, அதில் என்ன, எவ்வளவு விழுகிறது என்பதைக் கவனிக்கலாம்.

என்ன செய்தால் குறையும்? ஜேனட் ஷ்வார்ட்ஸ் குழு 2012-இல் வெளியிட்ட ஆய்வு மிக எளிமையானது. ஒரு சீனத் துரித உணவகத்தில், ஆர்டர் எடுக்கும் ஊழியரே ஒரு கேள்வி கேட்டார்: சோறு அல்லது நூடுல்ஸைப் பாதி அளவாக வாங்கிக்கொள்கிறீர்களா? வெவ்வேறு கட்டங்களில் 14 முதல் 33 சதவீதம் பேர் சரி என்றார்கள். 25 சென்ட் தள்ளுபடி கொடுத்தபோதும் சரி, கொடுக்காதபோதும் சரி, ஒப்புக்கொண்டவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய தட்டில் சராசரியாக 200 கலோரிக்கு மேல் குறைந்தது. குறைந்ததை ஈடுகட்ட வேறு எதையும் கூடுதலாக வாங்கவில்லை. மிச்சம் வைத்த அளவும் மாறவில்லை. கலோரி எண்ணை எழுதிப் போட்டதால் வராத மாற்றம், ஒரு மனிதர் வாய் திறந்து கேட்டதால் வந்தது. சோறு தட்டில் விழுவதற்கு முன்பே அந்தக் கேள்வி வந்தது என்பதுதான் இதில் உயிர்நாடி.

இந்த இடத்தில் நம் ஹோட்டல்களின் வழக்கம் நினைவுக்கு வராமல் இருக்காது. அளவுச் சாப்பாடு என்று போர்டில் தனியாக எழுதி, ஃபுல் மீல்ஸைவிடக் குறைந்த விலையில் கொடுத்த கடைகள் எத்தனை! சூப் சொல்லும்போதே "ஒன் பை டூ" என்றால் இரண்டு கிண்ணமாகப் பிரித்து வந்துவிடும். இலைச் சாப்பாட்டில் சோறு கரண்டி கரண்டியாக வரும். சப்ளையர் சாம்பாருக்கு ஒருமுறை, ரசத்துக்கு ஒருமுறை, மோருக்கு ஒருமுறை வந்து நின்று பார்ப்பார். நாம் இலைக்குக் குறுக்கே கையை நீட்டினால் அடுத்த கரண்டி நின்றுவிடும். நிறையச் சாப்பிடவும் அதில் இடம் உண்டு, மறுக்க மாட்டேன். ஆனால் ஒவ்வொரு கரண்டிக்கும் முன்னால் முடிவு சாப்பிடுகிறவரிடம் இருக்கிறது. பக்கெட் பிரியாணியிலும் மூன்று பேர் சாப்பிடக்கூடிய ஃப்ரைடு ரைஸ் தட்டிலும் அந்த இடம் இல்லை. போட்டு மூடி வந்தபின் எவ்வளவு என்று யோசிப்பது, மேலே பார்த்தபடி, தாமதமான யோசனை.

மிச்சத்தின் கணக்கும் கொஞ்ச நஞ்சம் இல்லை. ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் மதிப்பீட்டில் 2022-இல் உலகம் வீணாக்கிய உணவு 105 கோடி டன். அதில் 28 சதவீதம் உணவகங்கள் முதலிய உணவுச் சேவை இடங்களில் இருந்து. சீனா 2021-இல் சட்டமே போட்டது: அளவுக்கு மீறி ஆர்டர் செய்யத் தூண்டும் உணவகத்துக்கு அபராதம் உண்டு. பிரான்சில் அதே ஆண்டு முதல், மிச்சத்தை எடுத்துப்போகக் கேட்டால் உணவகம் கட்டித்தர வேண்டும். பார்சல் நமக்குப் புதிதில்லை. ஆனால் சாப்பிட்ட மிச்சத்தைக் கட்டித்தரக் கேட்க இன்னும் பலர் கூச்சப்படுகிறார்கள். அந்தக் கூச்சம் போகட்டும்.

எல்லோருக்கும் ஒரேயடியாக அளவைக் குறைத்துவிட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். காலையிலிருந்து மூட்டை தூக்கிவிட்டு மதியம் ஒரு வேளை வயிறாரச் சாப்பிட வருகிறவருக்கும், ஏசி அறையில் உட்கார்ந்திருந்துவிட்டு வருகிறவருக்கும் ஒரே அளவு எப்படிப் பொருந்தும்? முன்னவர் இலையில் ஒரு கரண்டிகூடக் குறையக் கூடாது. அதனால்தான் வெட்டுவதைவிடக் கேட்பது நல்லது. பாதி பிளேட்டை மெனுவில் முதல் வரியிலேயே, அதற்கேற்ற விலையோடு போடலாம். விலையைக் குறைக்காமல் அளவை மட்டும் குறைத்தால் அது ஏமாற்று வேலை, ஜனங்கள் ஒரே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

சின்ன அளவு பழகாது, மனம் குறைப்படும் என்று தயங்கும் உணவகக்காரர்களுக்கு லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் எரிக் ராபின்சன் தரும் தகவல் ஒன்று உண்டு. 2018-இல் வெளியான அவருடைய சோதனைகளில், ஒருநாள் கீஷ் என்ற முட்டைப் பண்டம் சிறிய துண்டாகக் கொடுக்கப்பட்டவர்கள், அடுத்த முறை தாங்களே எடுத்துக்கொள்ளச் சொன்னபோதும், பெரிய துண்டு சாப்பிட்டவர்களைவிடக் குறைவாகவே எடுத்தார்கள். பெரிய அளவு நம் கண்ணைப் பழக்கியதுபோலவே சின்ன அளவும் பழக்கும், அதற்கு ஒரு தலைமுறை ஆகாது.